நட்சத்திரத்துக்கு எந்த லென்ஸ்?

சென்ற பங்குனியில் ராஜபாளையத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைத்ததுமே ஏதோ தகராறு என்று தெரிந்துவிட்டது. மதினி முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் பத்திரிகைக்குள் புதைந்திருந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கொண்டுவந்தாள்.

விஷயம் இதுதான். பெண்ணுக்கு ராத்திரி வானத்தைப் படம் பிடிக்க ஆசை. காமிரா இருக்கிறது. லென்ஸ் வாங்க, மதினி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் பீரங்கி போன்ற ஒரு 300 மில்லிமீட்டர் லென்ஸைக் காட்டி, "நட்சத்திரம் எவ்வளவு தூரம்! அதைக் கிட்டே கொண்டுவர இதுதான் வேண்டும்" என்றாராம். அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். மீதிப் பணம் கேட்டபோதுதான் வீட்டில் பூகம்பம்.

"நட்சத்திரம் கிட்டே வந்து என்ன செய்யப் போகிறதாம்?" என்றாள் மதினி.

கோபத்தில் கேட்டாலும் சரியான கேள்வி. எத்தனை பெரிய லென்ஸ் வைத்தாலும் நட்சத்திரம் ஒரு புள்ளிதான். சந்திரனுக்கு 300 பிரமாதம். வானம் முழுவதற்கும் அது உதவாது. அதன் பார்வைக்குள் விழுவது ஒரு சிறு துண்டு வானம்தான். போதாததற்குப் பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறது. காமிராவை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுத்துக்கொள்ளும்.

எத்தனை நேரம் திறக்கலாம் என்பதற்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு. 500 என்ற எண்ணை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் விநாடி வரும். அண்ணன் மகளுடையதைப் போலப் படம் விழும் சில்லு சிறிதாக உள்ள காமிராவானால், மில்லிமீட்டரை முதலில் ஒன்றரையால் பெருக்க வேண்டும். அவளையே போடச் சொன்னேன். 300-க்கு ஒரு விநாடி வந்தது. காமிராவோடு வந்த 18 மில்லிமீட்டருக்குப் பதினெட்டு விநாடி! அவள் முகம் மாறிவிட்டது.

காவலூரில் 1986-ல் திறந்த பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். ஆனால் அங்கே பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியையே திருப்பிக்கொண்டிருக்க யந்திரம் இருக்கிறது. நம் மொட்டை மாடியில் யார் திருப்புவது?

லென்ஸின் மேல் இன்னொரு எண் இருக்கும். பெரும்பாலோர் கவனிப்பதில்லை; எனக்கு அதுதான் முக்கியம். லென்ஸின் மில்லிமீட்டரை அதன் வாயகலத்தால் வகுத்து வரும் எண் அது. சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். 5.6 என்று இருப்பதைவிட 2.8 நான்கு மடங்கு வெளிச்சம் தரும். கடைக்காரர் காட்டியது 5.6!

"அப்பாவுடைய பழைய பிலிம் காமிரா எங்கே?" என்று கேட்டேன். அண்ணன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பீரோவைக் குடைந்தார். 50 மில்லிமீட்டர் லென்ஸ், எண் 1.8, பூஞ்சை பிடிக்காமல் தப்பித்திருந்தது. அவளுடையது மிர்ரர்லெஸ் காமிரா. இடையில் மாட்ட ஒரு வளையம் வாங்கினால் போதும். வளையம் வர நாலு நாள் ஆயிற்று. நானும் அதைச் சாக்காக வைத்து இருந்துவிட்டேன்.

ஊருக்குள் மில் விளக்குகளும் தெரு விளக்குகளும் வானத்தை வெளுக்கச் செய்கின்றன. மேற்கே மலையடிவாரம் இருட்டுத்தான். ஆனால் காடு புலிகள் காப்பகம், ராத்திரியில் நுழைய முடியாது. தெரிந்தவர் மாந்தோப்பில் அனுமதி கேட்டு, அதிகாலை நாலு மணிக்குப் போய் நின்றோம். முக்காலி ஸ்டாண்டு, ஐ.எஸ்.ஓ. 3200, ஆறு விநாடி. லென்ஸை முழுக்கத் திறந்தபோது ஓரத்து நட்சத்திரங்களுக்கெல்லாம் சிறகு முளைத்துவிட்டது, 2.8-க்குக் குறைத்ததும் அடங்கியது. பழைய லென்ஸில் 'முடிவிலி' என்று குறி இருக்கிறதே என்று அதை நம்பி எடுத்த படங்கள் வீண். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் திருகித்தான் சரி செய்ய வேண்டியிருந்தது.

தெற்கே விருச்சிகம். தலையிலிருந்து வால் வரை ஒரே படத்தில் அடங்கிவிட்டது, பின்னால் புகை போல ஆகாச கங்கையோடு.

துணைக்கு வந்திருந்த மதினி, "இது என்ன, நடுவில் சிவப்பாக?" என்றாள்.

"அதுதான் கேட்டை, அம்மா."

மதினி வெகுநேரம் பேசவில்லை. கேட்டை அவளுடைய ஜன்ம நட்சத்திரம். 'கேட்டைப் பெண் மூத்தாருக்கு ஆகாது' என்று சொல்லி மூன்று வரன்கள் தட்டிப்போன கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்ததைக் கண்ணால் பார்ப்பது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை.

"இவ்வளவு அழகாக இருக்கிறதா!" என்றாள். அப்புறம், "எங்கள் ஊர்க் கோபுரத்தோடு சேர்த்து இதை எடுக்க முடியுமா?"

மதினிக்குப் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். சுக்கிரன் உதித்ததையும் குரு மறைந்ததையும் மார்கழியில் கவனித்துப் பாடிய ஆண்டாளின் ஊர்க்காரி, கேட்காமல் இருப்பாளா? ஆனால் 192 அடிக் கோபுரமும் விருச்சிகமும் சேர்ந்து 50-ல் அடங்காது. 14 அல்லது 16 மில்லிமீட்டர் வேண்டும்; எண் 2.8-க்கு மேல் போகக் கூடாது. கோபுரத்தில் விளக்கு எரிந்தால் இருபது விநாடியில் அது வெறும் வெள்ளைச் சுவராகிவிடும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்று சாதித்தாராம். வேறு லென்ஸுக்கு மாற்றிக்கொள்ள மட்டும் சம்மதித்தார். இந்தத் தடவை மதினியே மதுரைக்குப் போனாள். மீதிப் பணமும் அவள் கைப்பையில்தான் இருந்தது.