சிதம்பரனாரிடம் ஒரு க்ரூஸர் இருந்திருந்தால்

செப்டம்பர் வந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கப்பல் பித்து பிடித்துக்கொள்ளும். 5ஆம் தேதி வ.உ.சி. பிறந்தநாள். 22ஆம் தேதி, 1914இல் எம்டன் சென்னையில் குண்டு போட்ட நாள். இரண்டையும் ஒரே மிக்சியில் போட்டு அரைத்தால் ஒரு கதை ரெடி: "சிதம்பரனாரிடம் மட்டும் எம்டன் மாதிரி ஒரு க்ரூஸர் இருந்திருந்தால், வரலாறே வேற சார்!" கூடுதல் மசாலாவுக்கு செண்பகராமன் பிள்ளையையும் எம்டனில் ஏற்றிவிடுவார்கள். அந்த மாதம் அவர் சூரிச்சில் இந்திய ஆதரவுக் கமிட்டி நடத்திக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் நம்மைத் துரோகி போலப் பார்ப்பார்கள். கடலே இல்லாத எங்கள் திண்டுக்கல்லில்கூட இந்தக் கதையை நம்பாதவர்களைத் தேடத்தான் வேண்டும்.

ஆசைதானே, விட்டுவிடலாமே என்றால், எனக்கு மனசு வரவில்லை. இந்த ஆசை வ.உ.சி. செய்த காரியத்தைச் சின்னதாக்குகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் க்ரூஸரைக் கட்டித்தான் பார்த்துவிடுவோமே.

ஸ்பிரிங்ஷார்ப் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. இல்லாத பழைய போர்க்கப்பல்களை வடிவமைத்துப் பார்க்கிற பைத்தியங்களுக்காகவே எழுதப்பட்டது. நீளம், அகலம், பீரங்கி, கவசம், எஞ்சின், நிலக்கரி எல்லாம் கொடுத்தால், கப்பல் மிதக்குமா, அலையில் முறியுமா என்று சொல்லும். முதலில் எம்டனையே கொடுத்துப் பார்க்கலாம். சுமார் 3,660 டன், 118 மீட்டர் நீளம், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, வேகம் 24 நாட். இங்கேதான் நம் கை அரிக்கும். பீரங்கியைக் கொஞ்சம் பெரிதாக்குவோம், வேகத்தை 27 நாட் ஆக்குவோம் என்று தோன்றும். வேகத்துக்கு வேண்டிய குதிரைத்திறன் ஏறக்குறைய அதன் மும்மடிப்படி ஏறுகிறது. மூன்று நாட் கூட்ட, நாற்பது சதவீதத்துக்கு மேல் அதிக சக்தி வேண்டும். அதற்குக் கூடுதல் கொதிகலன், கூடுதல் கரி, எல்லாவற்றையும் சுமக்க இன்னும் நீளமான உடல். அந்த உடலை ஓட்ட மறுபடியும் கூடுதல் எஞ்சின். எங்கள் ஊர் பூட்டுக்காரரிடம் மாங்காய்ப் பூட்டுக்கு லீவரைக் கூட்டிப் போடுங்கள் என்று கேட்டால், "போடலாம் தம்பி, பூட்டு தடிமனாகும், சாவி நீளும், காசும் ஏறும்" என்பார். நான்கு வருட எஞ்சினியரிங் படிப்பில் ஒரு வாத்தியாரும் எனக்கு இதை இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் கப்பல் கட்ட முடியும். எம்டனைக் கட்டியவர்கள் பக்கவாட்டுக் கவசத்தை விட்டுக்கொடுத்தார்கள். தளத்துக்கு மட்டும் கவசம் கொடுத்துவிட்டு, சிறிய பீரங்கியோடு நிறுத்திக்கொண்டார்கள். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் எதிரே வந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி 5,400 டன். எட்டு ஆறங்குலப் பீரங்கி, பக்கவாட்டுக் கவசம். இருவராலும் ஒரு பக்கம் ஐந்து பீரங்கியைத் திருப்ப முடியும். எம்டனின் குண்டு சுமார் 17 கிலோ, சிட்னியின் குண்டு 45 கிலோ. ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். முதலில் அடித்தது எம்டன்தான், அடியும் பட்டது. ஆனாலும் எம்டனில் 130 பேருக்கு மேல் செத்தார்கள், சிட்னியில் நான்கு பேர். எம்டனின் கேப்டன் முல்லர் கெட்டிக்காரர். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் 17 கிலோவை 45 ஆக்க முடியவில்லை.

அடுத்தது கரி. இதைப் பற்றி நம் மேடைகளில் மூச்சே விடமாட்டார்கள். எம்டன் 860 டன் கரி ஏற்றும், 12 நாட் வேகத்தில் சுமார் 3,760 கடல்மைல் போகும். கணக்குப் போட்டால் 13 நாள். முழு வேகத்தில் ஓடினால், என் தோராயக் கணக்குப்படி, இரண்டு நாள்கூடத் தாங்காது. அப்புறம் எப்படி இரண்டு மாதம் இந்தியப் பெருங்கடலை ஆட்டி வைத்தது? மார்க்கோமானியா என்ற கரிக்கப்பல் கூடவே வந்தது. போகிற வழியில் பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலைப் பிடித்தார்கள், அதில் இந்தியக் கரி இருந்தது. புகை கக்கும் மட்டக் கரி, ஒளிந்து திரிகிற கப்பலுக்கு அதைவிட மோசமான தீனி கிடையாது. பிறகு பரெஸ்க் கிடைத்தது, அதில் ஆறாயிரம் டன்னுக்கு மேல் நல்ல வேல்ஸ் கரி. கரி கிடைத்த இடத்துக்கெல்லாம் எம்டன் போனது, கிடைக்காத இடத்துக்குப் போகவில்லை.

நம் கற்பனைக் க்ரூஸரை எங்கே நிறுத்துவது? எம்டனுக்கு ஐந்தரை மீட்டர் ஆழம் வேண்டும். அன்றைய தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து மைல்கணக்கில் தள்ளித்தான் நங்கூரம் போட்டன. ஆழ்கடல் துறைமுகம் வந்தது 1974இல். கட்டுவதற்கு எஃகு? ஜாம்ஷெட்பூரில் முதல் எஃகு வார்த்ததே 1912இல்தான். நமக்குக் கப்பல் கட்டத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 1842இல் சீனா கையெழுத்துப் போட்ட நான்கிங் ஒப்பந்தம் கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் நடந்தது, பம்பாயில் வாடியாக்கள் தேக்கில் கட்டிய கப்பல் அது. இரும்பும் நீராவியும் வந்தபோது அந்தக் கைகளுக்கு வேலை போய்விட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் நமக்கு முதல் க்ரூஸர் கிடைத்தது, பிரிட்டனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அக்கிலீஸ். பெயரை மாற்றி ஐ.என்.எஸ். டெல்லி ஆக்கினோம்.

எல்லாவற்றையும் விடுங்கள், காசைப் பாருங்கள். எம்டனுக்கு ஏறத்தாழ 60 லட்சம் மார்க் செலவானது. அன்றைய மாற்று விலையில் சுமார் 44 லட்சம் ரூபாய். 1906இல் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம், அதுவும் காகிதத்தில்: 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தப் பங்குகளை ஊர் ஊராகப் போய் விற்று, அந்தக் காசில் காலியோ, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கி, கொழும்புக்கு டிக்கெட் போட்டு ஆள் ஏற்றினார் ஒட்டப்பிடாரத்து வக்கீல். இதில் பீரங்கிக்கு என்ன வேலை? அவர்மீது யாரும் குண்டு போடவில்லையே! பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவரும் குறைத்தார். கடைசியில் அவர்கள் டிக்கெட்டே இல்லாமல் ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். நஷ்டத்தை எத்தனை மாதம் தாங்குவாய் என்கிற சண்டை அது. ஸ்டார்ட்அப்பில் வேலை பார்த்த எவனுக்கும் அந்தச் சண்டையின் வாடை தெரியும். க்ரூஸரைக் கொண்டுவந்து யாரைச் சுடுவது? இலவசக் குடை வாங்கின பயணியையா?

க்ரூஸர் கேட்பவர்கள் வ.உ.சி.யை ஆயுதமில்லாமல் தோற்ற வீரனாக்குகிறார்கள். அவர் ஒரு பொதுக் கம்பெனி நடத்தினார், சாமானிய வியாபாரிகளைப் பங்குதாரர் ஆக்கினார், உலகின் பெரிய கப்பல் கம்பெனி ஒன்றை இலவச டிக்கெட் வரைக்கும் இறக்கினார். இதைப் பேச வரவுசெலவு தெரிய வேண்டும், கட்டணப் பட்டியலையும் பங்குதாரர் கடிதங்களையும் தேடிப் படிக்க வேண்டும். பீரங்கி பேச அதெல்லாம் வேண்டாம், மைக் போதும்.

எம்டன் டான்சிக்கில் கடலில் இறங்கிய நாள் 1908 மே 26. அப்போது வ.உ.சி. கைதாகி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. ஜூலை 7இல் இரட்டை ஆயுள் தண்டனை. விலை குறைத்துச் சாய்க்க முடியாததை அப்படித்தான் சாய்த்தார்கள். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் போட்டிக்காரர்கள் கைக்கே போயின. அவர் அப்போதும் சிறையில்தான் இருந்தார்.