கொல்லைப்புறம் எங்கே போயிற்று?

அடுக்குமாடியில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் ஹாலைப் பார்க்கிறார்கள். பிறகு படுக்கை அறையைப் பார்க்கிறார்கள். வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்கிறார்கள். சமையல் அறையைக் கடைசியில் எட்டிப் பார்க்கிறார்கள். "அக்கினி மூலையில்தானே இருக்கிறது? அப்படியானால் சரி" என்று சொல்லி, முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இது தவறு. முதலில் பார்க்க வேண்டியது சமையல் அறை. அதைப் பார்க்க வேண்டியவர், அதில் நின்று சமைக்கப் போகிறவர்!

ஏன் இப்படிச் சொல்கிறேன்? என் தங்கை வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

தங்கையின் வீடு

என் தங்கை கடலூரில் வாழ்க்கைப்பட்டவள். முதுநகர் பக்கம் பழைய ஓட்டு வீடு. 2015-ம் ஆண்டு நவம்பர் மழையில் அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. "இனி தரை வீடே வேண்டாம்" என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். சில வருடம் பணம் சேர்த்தார். வங்கியில் கடன் வாங்கினார். மஞ்சக்குப்பத்தில் ஒரு அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில் வீடு வாங்கினார்.

வாங்கும் முன் கட்டியவர்கள் ஒரு வண்ணப்படம் காட்டினார்கள். அதில் ஹாலுக்கும் சமையல் அறைக்கும் நடுவே சுவர் இல்லை. "இதுதான் ஓப்பன் கிச்சன். இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றார்கள். படத்தில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டு ஆப்பிள் நறுக்கினார். மேடை மேல் ஒரு குழம்புச் சட்டி கூட இல்லை!

மாப்பிள்ளை பார்த்தார். அவருடைய தம்பி பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று ஆண்களும் "பிரமாதம்" என்றோம். தங்கையை யாரும் கேட்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் வாங்கி வந்தார்கள். மீனை எங்கே ஆய்வது? பழைய வீட்டில் கொல்லையில், கிணற்றடியில் உட்கார்ந்து ஆய்வாள். உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுவாள். செதிலும் தண்ணீரும் வாழை மரத்துக்குப் போய்விடும். இங்கே கொல்லையும் இல்லை, கிணற்றடியும் இல்லை. கடைசியில் குளியல் அறையில் உட்கார்ந்து ஆய்ந்தாள்.

மீனைப் பொரித்தபோது புகை நேரே ஹாலுக்குப் போயிற்று. சோபாவில் ஏறியது. திரைச்சீலையில் ஏறியது. மாமியார் இருமினார். இரண்டு நாள் வரை வாடை போகவில்லை.

ஆறு மாதத்தில் அந்த வீட்டில் மீன் சமைப்பது நின்றுவிட்டது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் மீன் குழம்புக்கு ஓட்டலுக்குப் போகிறார்கள்!

"அண்ணா, வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொல்லைப்புறம் எங்கே போயிற்று?" என்று தங்கை கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு அறை அல்ல, நான்கு இடம்

பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டதில் பெரிய உண்மை இருக்கிறது.

சிதம்பரத்தில் பழைய தெரு வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் வண்டி போல் நீண்டுகொண்டே போகும். காய் நறுக்குவது கூடத்தில், அரிவாள்மணையில் உட்கார்ந்து. மாவு ஆட்டுவது பின்தாழ்வாரத்தில். வடகம் காய்வது முற்றத்து வெயிலில். பாத்திரம் துலக்குவது கிணற்றடியில். அடுக்களைக்குள் நடந்தது அடுப்பு வேலை மட்டுமே.

அதாவது, பழைய சமையல் அறை என்பது ஒரு அறை அல்ல. வீட்டில் பாதி சமையல் அறைதான்!

அடுக்குமாடியில் இத்தனை வேலையும் ஒரே அறைக்குள் வந்துவிட்டது. அந்த அறை எவ்வளவு பெரியது? சாப்பிடுவதற்குத் தனி இடம் இருந்தால், சமையல் அறை குறைந்தது 5 சதுர மீட்டர் இருக்க வேண்டும், அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று 2016-ம் ஆண்டின் இந்திய தேசியக் கட்டிட விதித் தொகுப்பு சொல்கிறது. அதாவது சுமார் 54 சதுர அடி. அகலம் ஆறு அடி. இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும்!

ஆகவே வீடு பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "பழைய வீட்டில் கொல்லையில் செய்த வேலையை இங்கே எங்கே செய்வது?"

அக்காவின் வீடு

சிதம்பரத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வீடு வாங்கினார். அவர் வீடு என் தங்கையின் வீட்டைவிடச் சிறியது. விலையும் குறைவு. ஆனால் சமையல் அறையை ஒட்டி, நாலு அடி அகலத்தில் ஒரு சின்ன பால்கனி இருக்கிறது. யூட்டிலிட்டி என்று சொல்கிறார்களே, அதுதான். அங்கே தரை மட்டத்தில் ஒரு குழாய். தண்ணீர் ஓட வடிகால். கிரைண்டருக்கு ஒரு பிளக். வெயில் விழும் ஓரத்தில் ஒரு கொடி.

"இதோ பார், தம்பி! என் கொல்லைப்புறத்தை இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்துவிட்டேன்" என்று அக்கா சிரித்தார்.

கொத்சுக்கு மல்லியும் மிளகாயும் வறுத்தால், கதவைச் சாத்திவிடுகிறார். ஹாலில் உட்கார்ந்திருப்பவர் தும்முவதில்லை. மாவு அரைத்த கிரைண்டரை அங்கேயே கழுவிவிடுகிறார். ஹாலில் இரண்டு அடி குறைந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இந்த நாலு அடி இல்லாவிட்டால் தினமும் நஷ்டம்!

காற்று எந்தப் பக்கம்?

அக்கினி மூலையைப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். நம்பிக்கை உள்ளவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் மூலையைப் பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது. காற்றையும் பார்க்க வேண்டும்.

கடலூருக்குக் கிழக்கே கடல். கோடையில் பிற்பகலானால் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். சமையல் அறை தென்கிழக்கில் இருக்கிறது. ஜன்னல் கிழக்கே இருக்கிறது. மேற்கே ஹால், நடுவில் சுவர் இல்லை. என்ன ஆகும்? காற்று ஜன்னல் வழியாக வந்து, அடுப்புப் புகையை ஹாலுக்குத் தள்ளும். தங்கை வீட்டில் நடந்தது இதுதான்.

அதற்கு வழி உண்டு. சமையல் அறைக்கு ஒரு கதவு வேண்டும். கண்ணாடிக் கதவாக இருந்தாலும் போதும். புகையை வெளியே தள்ளும் மின்விசிறி வேண்டும். அதைக் கடற்காற்று எதிர்த்து அடிக்கும் சுவரில் வைக்காமல், முடிந்தால் வடக்கு அல்லது தெற்குச் சுவரில் வைப்பது நல்லது. ஜன்னலுக்கு நேர் கீழே அடுப்பு வைக்கக் கூடாது. காற்றில் சுடர் அணைந்துவிடும், கேஸ் கசியும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் இடத்தில், தரையை ஒட்டிக் காற்றுப் போக வழி வேண்டும். அலமாரிக்குள் அடைத்து மூடுவது ஆபத்து. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

கடல் காற்றில் உப்பு உண்டு. மலிவான இரும்புக் கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். மரத்தூள் பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

'ட'வா, 'ப'வா?

மேடையை எந்த வடிவத்தில் அமைப்பது? நம் தமிழ் எழுத்தே வழி காட்டுகிறது.

ஒரே சுவரை ஒட்டி நேராக ஒரு மேடை. இது ஒரு வகை. இரண்டு சுவரை ஒட்டி மூலையில் திரும்பினால், அது 'ட' வடிவம். மூன்று சுவரையும் ஒட்டினால் 'ப' வடிவம். எதிரெதிரே இரண்டு மேடை போடுவது நான்காவது வகை.

'ப' வடிவம் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடையின் அகலம் இரண்டு அடி. ஆறு அடி அகல அறையில் இரண்டு பக்கமும் மேடை போட்டால், நடுவில் மிஞ்சுவது இரண்டு அடி. ஒருவர் நின்றால் இன்னொருவர் கடக்க முடியாது. குனிந்து கீழ் அலமாரியைத் திறக்கவும் முடியாது. எதிரெதிர் மேடைக்கும் இதே கதிதான். 'ட' வடிவம் போட்டால் நாலு அடி மிஞ்சும். மாமியாரும் மருமகளும் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்யலாம். ஆறு அடி அறைக்கு 'ட'தான் ஏற்றது. எட்டு அடி இருந்தால் 'ப'வைப் பற்றி யோசிக்கலாம்.

அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பிரிட்ஜ் ஆகிய மூன்றையும் முக்கோணமாக அமைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1940-களில் ஆராய்ந்து சொன்னார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நாலு அடிக்குக் குறையாமலும் ஒன்பது அடிக்கு மேற்படாமலும் இருந்தால் நடை மிச்சம். இது நல்ல யோசனைதான். ஆனால் நமக்கு மூன்று மூலை போதாது. நான்காவதாகக் கிரைண்டர், மிக்சி வைக்கும் இடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தண்ணீரும் பிளக்கும் இல்லாவிட்டால், மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுவதும் நடக்க வேண்டும்.

தோள் வலி ஏன்?

மேடையின் உயரம் இன்னொரு விஷயம். கடைகளில் காட்டும் மாதிரிகளில் 36 அங்குல உயரம் சாதாரணம். அது உயரமானவர்களுக்கு ஏற்றது. நம் வீட்டுப் பெண் ஐந்து அடி உயரம் என்றால், அவருடைய முழங்கை தரையிலிருந்து சுமார் 37 அங்குலம். 36 அங்குல மேடை மேல் ஐந்து அங்குல அடுப்பு. அதன் மேல் எட்டு அங்குலப் பாத்திரம். கூட்டிப் பாருங்கள்: 49 அங்குலம். பாத்திரத்தின் வாய் அவர் தோள் அளவுக்கு வந்துவிடும்! தோளைத் தூக்கிக்கொண்டு கிண்டினால் வலிக்காமல் என்ன செய்யும்?

நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். அதற்கு ஐந்து அங்குலம் கீழே மேடை இருக்கட்டும். ஐந்து அடிப் பெண்ணுக்கு 32 அங்குலம் சரியாக இருக்கும். சட்டைக்கு அளவு எடுக்கிறோம். செருப்புக்கு அளவு பார்க்கிறோம். வாழ்நாள் முழுவதும் நிற்கப் போகும் மேடைக்கு அளவு எடுக்க வேண்டாமா?

ஜெர்மனியில் ஒரு பெண்

சின்ன வீட்டில் நல்ல சமையல் அறை முடியுமா? நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு பெண் முடியும் என்று காட்டினார். ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டிடக் கலைஞர் அவர். 1926-ம் ஆண்டு, ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையல் அறையை வகுத்தார். ரயிலில் உணவுப் பெட்டியின் சமையல் இடம் எவ்வளவு சிறியது! அதில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள்! அதைப் பார்த்து யோசித்தார். ஆறேகால் அடி அகலம், பதினோரு அடி நீளத்தில் எல்லாவற்றையும் கைக்கெட்டும்படி அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது வைக்கப்பட்டது.

ஆனால் அதிலும் ஒரு குறை சொன்னார்கள். ஒருவர் மட்டுமே நிற்க முடியும். கூட மாட உதவ இடம் இல்லை. சமைக்கிற பெண் தனியாக அடைபட்டுப் போனாள் என்றார்கள்.

நமக்கு இதில் பாடம் உண்டு. சுவரே இல்லாவிட்டால் புகை வரும். சுவர் எழுப்பி அடைத்தால் சமைப்பவர் தனித்துப் போவார். கதவும் வேண்டும், இரண்டு பேர் நிற்க இடமும் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஐயாவும் வந்து நிற்கட்டும்!

டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்

வீடு பார்க்கப் போகும்போது சமைப்பவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு டேப்பும் கையில் இருக்கட்டும். அகலத்தை அளந்து பாருங்கள். ஜன்னலைத் திறந்து பாருங்கள். எதிரே காற்று இருக்கிறதா, அடுத்த வீட்டுச் சுவர் இருக்கிறதா? மீன் ஆய, பாத்திரம் துலக்க, மாவு ஆட்ட எங்கே இடம் என்று கேளுங்கள்.

கட்டி முடிப்பதற்கு முன்பே கேளுங்கள். மேடையின் உயரத்தை அப்போது மாற்றலாம். குழாயும் வடிகாலும் போட்ட பிறகு மாற்றினால் செலவு இரட்டிப்பு. வடிவத்தை எழுத்தில் வாங்குங்கள். 2016-ம் ஆண்டில் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்குபவரின் சம்மதம் இல்லாமல் கட்டுபவர் தம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தங்கை வீட்டில் இப்போது ஹாலுக்கு நடுவே கண்ணாடித் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். புதிதாக மின்விசிறி வைத்திருக்கிறார்கள். பணம் செலவாயிற்று. மீன் மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் இன்றும் அவள் மீன் ஆய்வது குளியல் அறையில்தான். அதற்கு மட்டும் வழி பிறக்கவில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்விக்குச் செலவே இல்லை!