கட்டணம் ஏறினால் ஆணையம், ஏறாவிட்டால் அரசாங்கமா?



கரண்டு பில் ஏறினால் கோட்டையில் என்ன சொல்கிறார்கள்? "நாங்க ஏத்தலை, ஒழுங்குமுறை ஆணையம் ஏத்திடுச்சு" என்கிறார்கள். ஏறாத வருஷம்? "மக்கள் மீது சுமை ஏற்றாத அரசு" என்று சுவர் சுவராக எழுதுகிறார்கள். அடி விழும்போது ஆணையம் முன்னால், மாலை விழும்போது ஆணையத்தையே காணோம்! எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதைதான்.

கரண்டு விலையை மந்திரியும் முடிவு செய்யக் கூடாது, விற்கிற வாரியமும் முடிவு செய்யக் கூடாது. நடுவில் நின்று கணக்குப் பார்த்து, மக்களைக் கேட்டு முடிவு சொல்ல ஒரு நடுவர் வேண்டும் என்று சொல்லித்தான் 1999இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆனால் அந்த நடுவரின் மூக்கணாங்கயிறு யார் கையில்?

2003 மின்சாரச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 85ஆம் பிரிவுப்படி தேர்வுக் குழு ஒரு இடத்துக்கு இரண்டு பேரைச் சொல்லும். அந்தக் குழுவில் அரசின் தலைமைச் செயலாளர் உட்கார்ந்திருப்பார். இரண்டில் ஒருவரைப் பொறுக்குவது மாநில அரசு. 108ஆம் பிரிவுப்படி கொள்கை விஷயத்தில் அரசு எழுதிக் கொடுக்கும் வழியில் ஆணையம் நடக்க வேண்டும். எது கொள்கை என்று தகராறு வந்தால்? அரசு சொன்னதே முடிவு! மின்வாரியமும் அதே அரசாங்கத்துச் சொத்து. காளையும் அவனுது, கயிறும் அவனுது, கோடு போடுறவனும் அவன் ஆள் என்றால் இது என்ன பந்தயம்?

நடந்ததைப் பாருங்கள். 2003 மார்ச்சில் ஒரு கட்டண ஆணை. அடுத்தது 2010 ஜூலையில். வாரியம் மனுப் போடாவிட்டாலும் ஆணையம் தானாகவே எடுத்து வருஷா வருஷம் முடிவு செய்யணும் என்று 2011 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அப்புறமும் 2014 டிசம்பரில் ஏறிய கட்டணம் மறுபடி ஏறியது 2022 செப்டம்பரில்தான். நடுவில் 2016, 2019, 2021 என மூன்று பெரிய தேர்தல்!

"ஏறாதது நல்லதுதானே?" என்று கேட்கலாம். ஏறாத காலத்தில் கடன் வாங்கி ஓட்டினார்கள். வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த வட்டியை நம்ம வீட்டு பில்லிலும் மாவு மில் பில்லிலும்தானே வசூல் செய்கிறார்கள்?

2022 உயர்வு விசாரணைக்கு வந்தபோது ஆணையத்தில் சட்ட உறுப்பினர் நாற்காலி காலி! சட்டம் படித்த உறுப்பினர் கட்டாயம் என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தேர்வுக் குழுவுக்கு எழுத வேண்டும் என்பது சட்டம். கேட்டது யார்? கருத்துக் கேட்புக் கூட்டம் கோவை, மதுரை, சென்னை என்று மூன்றே ஊரில். நாற்று நடுகிறவன் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ப் பேச முடியுமா?

"ஆணையம் சுதந்திரமானால் நம்ம இலவச மின்சாரம் போயிடுமே!" என்று சிலர் பயம் காட்டுகிறார்கள். இலவச மின்சாரம் ஆணையம் போட்ட பிச்சை அல்ல! 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு நெஞ்சைக் காட்டிய விவசாயிகளின் ரத்தத்தில் முளைத்தது அது. 2003இல் பம்புசெட்டுக்கு மறுபடி கட்டணம் போட்டார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஒரு தொகுதிகூடப் பெறாத பிறகு திரும்பக் கொடுத்தார்கள். நம் போராட்டமும் ஓட்டும்தான் அதற்குக் காவல்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 65ஆம் பிரிவுப்படி, இலவசம் கொடுக்கிற அரசு அதற்கான பணத்தை வாரியத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அரசின் சலுகை உத்தரவே செல்லாது, ஆணையம் போட்ட விலைதான் செல்லும்! அரசு பாக்கி வைத்தால் நம்ம மோட்டார் மேல்தான் கத்தி தொங்கும். பழியும் நம் மேலேயே: "இலவச மின்சாரத்தால் வாரியம் நொடிச்சுப்போச்சு" என்பான். மீட்டர் இல்லாத பம்புசெட்டின் கணக்கைப் போடுவது வாரியம். கம்பியில் கசிந்ததும் திருட்டுப் போனதும் நம்ம தலையில் எழுதப்படவில்லை என்று யார் சரிபார்ப்பது? யாருக்கும் பயப்படாத ஆணையம் இருந்தால்தானே கேட்கும்?

ஆகவே நாம் கேட்பது:

1. தேர்வுக் குழு சொல்லும் பெயர்களை மக்களுக்கு வெளியிடு! வாரியத்திலும் எரிசக்தித் துறையிலும் இருந்து ஓய்வு பெற்றவரை உடனே ஆணைய நாற்காலியில் உட்கார வைக்காதே!

2. காலியிடத்தைச் சட்டம் சொன்ன காலத்தில் நிரப்பு! சட்ட உறுப்பினர் இல்லாமல் கட்டண விசாரணை நடத்தாதே!

3. எது கொள்கை என்பதில் அரசு சொன்னதே முடிவு என்னும் விதியை நீக்கு!

4. விவசாய மின்சார மானியத்தை முன்கூட்டியே கட்டு! கட்டிய கணக்கை ஆணையம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமிழில் வெளியிடட்டும்!

5. மாவட்டம்தோறும் கருத்துக் கேட்பு நடத்து!

விவசாயிகளே! இலவசம் தருவது அரசின் கடமை. கணக்குக் கேட்பது ஆணையத்தின் கடமை. இரண்டையும் குழப்பி நம்மை ஏமாற்ற விடாதீர்கள். கிராமசபையில் இந்த ஐந்து கோரிக்கையையும் தீர்மானமாகப் போடுங்கள். ஆணையத்துக்கு ஆளுக்கு ஒரு தபால் எழுதுங்கள்.

நடுவர் நடுவராக நிற்கட்டும்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!