நம் இல்லம்: வரவேற்பறைச் சுவரில் புத்தகங்களுக்கும் ஓர் இடம்



சூனேம் ஊரைச் சேர்ந்த ஒரு ஸ்திரீ எலிசா தீர்க்கதரிசிக்காகத் தன் வீட்டில் ஓர் அறையை ஆயத்தப்படுத்தியதை 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு ஆகியவையே அந்த அறையில் இருந்தவை. வந்து தங்குகிறவருக்கு என்ன தேவை என்பதை அவள் முதலில் சிந்தித்தாள். அதற்குப் பின்பே கட்டினாள். வீட்டில் அலமாரி அமைக்க விரும்பும் நாமும் தச்சரை அழைக்கும் முன் கற்க வேண்டிய பாடம் இது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, பல ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்து, தேவகிருபையால் சொந்த வீட்டில் குடியேறும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். மும்பையில் குடிசைப் புனரமைப்புத் திட்டத்தின் வீடுகள் முன்பு 225 சதுர அடியாக இருந்து, பின்னர் 269 ஆகி, 2018-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 300 சதுர அடியாயின. இத்தகைய வீட்டில் வரவேற்பறையே படுக்கையறை. அதுவே பிள்ளைகளின் படிப்பறை. வீட்டுக்கூட்டம் நடைபெறும் நாளில் அதுவே ஜெப அறை.

ஆனால், புது வீட்டில் நாம் முதலில் செய்வது என்ன? இரண்டடி ஆழத்தில் சுவர் முழுவதையும் மறைக்கும் ஒரு ஷோகேஸ். அதில் கண்ணாடிக் குவளைகளும் பொம்மைகளும் அமர்ந்துகொள்ளும். தமிழ்ப் புத்தகங்களோ சாக்கில் கட்டப்பட்டுப் பரணுக்கு ஏறிவிடும். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயிலும் நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் காணக்கூடிய இடம் பெரும்பாலும் வீடு ஒன்றே. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிக்கப்பட்டது. அன்றுமுதல் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வந்த எழுத்து, தாத்தா பாட்டியோடு நம் வீட்டில் நின்றுவிடலாகாது. கைக்கு எட்டும் புத்தகமே வாசிக்கப்படும். ஆகவே அலமாரியின் அளவை நிர்ணயிக்க வேண்டியது அதில் வைக்கப்போகும் புத்தகமும், அதை எடுக்கப்போகும் பிள்ளையின் உயரமுமே.

முதலாவது, தரையை அளந்து பாருங்கள். வீட்டுக்கூட்டத்திற்கு எத்தனை பேர் பாயில் அமருகிறார்கள் என்று எண்ணுங்கள். பத்தடி நீளச் சுவரில் அலமாரியின் ஆழத்தை 24 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகக் குறைத்தால் 10 சதுர அடி தரை மிஞ்சும். இருவர் தாராளமாக அமரலாம். அக்காலத்துப் பருத்த தொலைக்காட்சிப் பெட்டிக்கே ஆழமான ஷோகேஸ் தேவைப்பட்டது. இன்றைய மெல்லிய தொலைக்காட்சி சுவரிலேயே தொங்கும்.

இரண்டாவது, உங்கள் புத்தகங்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி அளவெடுங்கள். வேதாகமம், பாட்டுப் புத்தகம், பாடநூல் ஆகிய பெரும்பாலானவற்றுக்கு ஒன்பதேகால் அங்குல ஆழம் போதும். பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி அளவில் வருகிறது. ஒன்பதேகால் அங்குலமாக அறுத்தால் அதன் அகலத்தில் ஐந்து துண்டுகள் தேறும். பத்து அங்குலமாக அறுத்தால் நான்கே தேறும். கோப்புகள் வைக்கும் கீழ்ப்பகுதிக்குச் சற்றுக் கூடுதல் ஆழம் வேண்டும். அங்கே 12 அங்குலம் என்று சொல்லாமல் பதினொன்றே முக்கால் என்று சொல்லுங்கள். ஒவ்வோர் அறுப்பிலும் ரம்பம் சிறிது மரத்தைத் தின்றுவிடுவதால், முழு 12 அங்குலத் துண்டுகள் ஒரு பலகையில் மூன்றுதான் கிடைக்கும்.

மூன்றாவது, பாரத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் அடி நீளத்திற்கு நெருக்கமாக நிற்கும் புத்தகங்கள் ஏறக்குறைய 8 முதல் 10 கிலோ எடை இருக்கும். தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூடத் தட்டின் தொய்வு மிக வேகமாகப் பெருகும். இரண்டரை அடித் தட்டை மூன்றடியாக நீட்டினாலே தொய்வு இருமடங்காகிவிடும். ஆகையால் 18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டரை அடிக்கு ஒரு நடுப்பலகை கொடுங்கள். முன்விளிம்பில் ஒன்றரை அங்குல மரச்சட்டம் அடித்தால் தட்டு இன்னும் உறுதிப்படும்.

நான்காவது, உயரத்தைப் பகிர்ந்து கொடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி முதல் மூன்றரை அடி வரையுள்ள திறந்த தட்டுகள் பிள்ளைகளுக்குரியவை. தமிழ்க் கதைப் புத்தகமும், பிள்ளைகளின் வேதாகமமும், பாட்டுப் புத்தகங்களும் அங்கே இருக்கட்டும். அதற்கு மேல் பெரியவர்களின் நூல்கள். பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பாத்திரங்களும் குவளைகளும் உச்சித் தட்டுக்குப் போகலாம். ஒரு ஓரத்தில் பத்து அங்குல அகலத்தில் தட்டுகளற்ற உயரமான இடம் விட்டால், சுருட்டிய பாய்கள் நின்றுகொள்ளும். கூட்டம் முடிந்ததும் பாய்களை எங்கே ஒளிப்பது என்ற கவலை இராது.

ஐந்தாவது, ஈரத்தை நினைவில் கொள்ளுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரும், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் புத்தகங்களுக்கு ஆகாதவை. வேறு சுவர் இல்லையெனில், முதலில் கசிவைச் சரிசெய்து, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். அடியில் நான்கு அங்குலப் பீடம் இருந்தால் தரை துடைக்கும் நீர் மரத்தில் ஏறாது. ஈரமான இடத்திற்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதை மறவாமல், தரைத்தளத்தில் வசிப்பவர்கள் பள்ளிச் சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரத்தையும் கீழ்த்தட்டில் வைக்காதிருங்கள்.

நம் கிராமத்து வீடுகளின் தடித்த மண்சுவரில் மாடக்குழி குடைந்தார்கள். அந்த நினைவில் அடுக்குமாடிச் சுவரைக் குடையத் துணிய வேண்டாம். புதிய கட்டடங்கள் பலவற்றில் சுவரே கான்கிரீட்டாக இருந்து மாடிகளின் பாரத்தைச் சுமக்கிறது. சங்கத்தின் அனுமதியின்றி எச்சுவரையும் தொடாதிருங்கள். மின்சுவிட்சுகளையும் பலகைக்குப் பின்னால் மறைத்துவிடாதீர்கள்.

வாடகை வீட்டிலிருப்போர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. இரண்டரை அடி அகலமுள்ள தனித்தனி அலமாரிகளாகச் செய்து பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். வீடு மாறும்போது அவையும் உங்களோடு வரும். ஆனால், உச்சியில் எல் வடிவ இரும்புப் பட்டியால் அவற்றைச் சுவரோடு பிணைப்பது மிக அவசியம். தட்டைப் பிடித்து ஏறும் குழந்தையின் மேல் அலமாரி சாயக்கூடும்.

கையில் பணம் குறைவென்றால் முழுச் சுவரையும் ஒரே முறையில் செய்ய வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டும் இரண்டு தட்டுகளை முதலில் செய்யுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பதை நம் ஆண்டவரே எடுத்துக்காட்டினார். கடன் வாங்கி மைக்கா ஒட்டுவதைவிட, கடனின்றி வர்ணம் பூசுவது சமாதானம் தரும்.

சிறையிலிருந்த அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவிடம் கொண்டுவரச் சொன்னவை ஒரு மேலங்கியும் புத்தகங்களும் தோற்சுருள்களுமே. குளிருக்குப் போர்வை எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவையாகப் புத்தகங்களையும் அவர் எண்ணினார். இம்மாதமே பரணிலிருக்கும் அந்தச் சாக்கை இறக்குங்கள். அலமாரி ஆயத்தமாகும் வரை ஒரு பெட்டியின் மேலாவது பிள்ளைகள் காணும்படி அவற்றை அடுக்கி வையுங்கள். இரவு ஜெபத்தில் ஒரு பிள்ளை தமிழில் நான்கு வசனங்களை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கட்டும். அந்தக் குரல் கேட்கும் வீடாக உங்கள் வீட்டைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.