சொல்லிவிட்டுப் பெறும் தரகு



உத்திரமேரூர்ப் பகுதியில் நம் பிள்ளைகள் பலருக்கு ஃபஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு தொழிற்சாலை வேன் வந்துவிடுகின்றது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று சென்று ஷிப்டு முடித்துத் திரும்புகின்றனர். போகும்போதும் வரும்போதும் கையில் செல்பேசி இருக்கின்றது. வீட்டிலிருந்தபடியே மாதம் ஐம்பதாயிரம் ஈட்டலாம் என்று சொல்லும் காணொலிகள் அப்போதுதான் அவர்களை வந்தடைகின்றன. வீட்டிலிருக்கும் நம் சகோதரிகளுக்கும் அவை வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்ற தொழிலைப் பற்றியவை.

இது குறித்து நம்மிடம் இரண்டு வினாக்கள் கேட்கப்படுகின்றன. இது ஹலாலா? இதை எப்படித் தொடங்குவது? இவற்றுக்குத் தனித்தனியே விடை சொல்லும் வழக்கம் இருக்கின்றது. நம் வீட்டில் நடந்த ஒரு நிகழ்வுக்குப் பின் இவ்விரண்டும் ஒரே வினாதான் என்ற முடிவுக்கு நாம் வந்திருக்கின்றோம்.

நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் சென்ற ஆண்டு இத்தொழிலைத் தொடங்கினார். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு டேபிள் டாப் கிரைண்டருக்கான லிங்க்கைப் போட்டு, மிகவும் நல்ல பொருள் என்று எழுதினார். இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கும் நம் மாமி ஒருவர், பிள்ளையின் சொல்லை நம்பி 4,200 ரூபாய்க்கு அதை வாங்கினார். வீட்டுத் தேவைக்குச் செய்யப்பட்ட அந்த இயந்திரம் நாள்தோறும் மணிக்கணக்கில் ஓடுவதைத் தாங்கவில்லை. இரண்டாம் மாதம் மோட்டார் எரிந்துபோயிற்று. வியாபாரத்திற்குப் பயன்படுத்தியதால் உத்தரவாதமும் செல்லாது என்றனர். அதன் பிறகுதான், அந்த விற்பனையில் பிள்ளைக்கு 126 ரூபாய் கமிஷன் வந்த செய்தி மாமிக்குத் தெரிந்தது. அவர் சண்டையிடவில்லை. “உனக்குக் காசு வந்ததுல எனக்குச் சந்தோஷம்தான் தம்பி. முன்னாடியே சொல்லியிருந்தா என்ன?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளை அக்கிரைண்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது நமக்கும் அப்போதுதான் தெரிந்தது.

இத்தொழில் உண்மையில் என்ன? ஒருவர் ஒரு பொருளைப் பற்றி எழுதுகின்றார், அல்லது காணொலி வெளியிடுகின்றார். அதனுடன் தமக்கென வழங்கப்பட்ட அடையாளக் குறியீடு கொண்ட சுட்டியை இணைக்கின்றார். அச்சுட்டி வழியாகச் சென்று யாரேனும் பொருளை வாங்கினால், விற்பனையாளர் அவருக்கு ஒரு பங்கு தருகின்றார். அமேசான் நிறுவனம் இதற்கெனத் தன் திட்டத்தை 1996 ஜூலையில் தொடங்கியது. அதன் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவியது.

பெயர் புதியதாயினும் தொழில் நமக்குப் பழக்கமானதே. காஞ்சிபுரத்திற்கு வரும் வெளியூர்ப் பயணிகளைப் பட்டுச்சேலைக் கடைக்கு அழைத்துச் சென்று, கடைக்காரரிடம் கமிஷன் பெறும் ஆட்களை நாம் பார்த்திருக்கின்றோம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் தரகரையும் அறிவோம். நெல்லுக்கும் நிலத்துக்கும் தரகர் உண்டு. அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது தரகு. இப்படிப் புரிந்துகொண்டால், இதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கின்றது என்று தேடுவது எளிதாகின்றது.

தரகுக் கூலியைப் பற்றி இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் தனிப் பாடமே அமைத்திருக்கின்றார்கள். இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்பதையும் அங்கே பதிவு செய்திருக்கின்றார்கள். கைஸ் இப்னு அபீ ஃகரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸுனன் நூல்களில் இடம்பெற்றுள்ளது. மதீனாவின் சந்தையில் அக்காலத்தில் அவர்கள் ‘ஸமாஸிரா’, அதாவது தரகர்கள், என்று அழைக்கப்பட்டு வந்தனர். நபி (ஸல்) அவர்கள் அதைவிடச் சிறந்த பெயரால், வணிகர்களே என்று அவர்களை அழைத்தார்கள். வணிகத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால், அதனுடன் தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள். அத்தொழிலை விட்டுவிடச் சொல்லவில்லை. அத்தொழிலில் எங்கே அழுக்குப் படியும் என்பதைக் காட்டி, அதைக் கழுவிக்கொள்ளும் வழியையும் கற்றுத்தந்தார்கள்.

ஆகவே, தரகு அனுமதிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூன்று வழிகளில் அது கெட்டுப்போகக்கூடும்.

முதலாவது, பொருளே ஆகாததாக இருப்பது. இணையத் தரகில் ஒரு சோதனை இருக்கின்றது. சமையல் பாத்திரத்துக்கும் பள்ளிப் பைக்கும் கிடைக்கும் கமிஷன் சிறியது. வட்டிக் கடன் செயலிக்கும் கிரெடிட் கார்டுக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று பெருந்தொகை தருகின்றனர். இணையச் சூதாட்டத்திற்கு ஆள் பிடித்தவர்களுக்கும் இவ்வாறே அள்ளிக் கொடுத்தனர்; 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுடன் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்துவிட்டது. வட்டி வாங்குவதில்லை என்று உறுதியாக இருக்கும் பிள்ளை, பிறரை வட்டிக்குள் அனுப்பி அதற்குக் கூலி பெறுவது எவ்வாறு தகும்?

இரண்டாவது, அறியாததைப் புகழ்வது. பொய்ச் சத்தியம் சரக்கை விற்றுக் கொடுத்தாலும் பரக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. தாம் தொட்டுப் பாராத பொருளை மிகவும் நல்லது என்று எழுதுவதும் அதற்கு வெகு தொலைவில் இல்லை.

மூன்றாவது, மறைப்பது. தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். நெல் விளையும் நம் பகுதியில் இதை விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். ஈரத்தை விற்கக்கூடாது என்று அந்த வியாபாரிக்குச் சொல்லப்படவில்லை, அதை மறைக்கக்கூடாது என்றே சொல்லப்பட்டது. நம் பிள்ளை பெற்ற 126 ரூபாய், குவியலுக்குள் இருந்த அந்த ஈரம்தான்.

விற்பவர்தானே கமிஷன் தருகின்றார், வாங்குபவருக்கு ஒரு காசும் கூடுதல் இல்லையே, பிறகு ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். இது சிந்திக்க வேண்டிய கேள்விதான். ஆனால், மாமி கேட்டது விளம்பரத்தை அன்று; பிள்ளையின் ஆலோசனையை. ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதத்திற்கு உரியவர் என்பது மார்க்கத்தின் நெறி. ஆலோசனை சொல்பவருக்கு ஆதாயம் உண்டு என்று தெரிந்திருந்தால், மாமி இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டிருப்பார். நாள்தோறும் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கும்.

நாட்டின் சட்டமும் இப்போது இதையே கூறுகின்றது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று வெளியிட்ட நெறிமுறைகளும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட விளக்கமும், பொருளைப் பரிந்துரைப்பவர் தமக்குள்ள ஆதாயத்தை எளிய சொற்களில், கண்ணில் படும்படி வெளியிட வேண்டும் என்கின்றன. தாம் பயன்படுத்தாத, ஆராயாத பொருளைப் பரிந்துரைக்கவும் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கின்றது.

நம் ஊருக்கோ இது ஆயிரம் ஆண்டுப் பழமையான செய்தி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொ.ஆ. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள் என்று அவற்றில் விதித்திருக்கின்றனர். பிறர் நம்பிக்கையை ஏற்றவர் கணக்கை வெளியில் வைக்க வேண்டும் என்ற விதியைக் கல்லில் எழுதிய ஊரில் நாம் வாழ்கின்றோம்.

இனி, தொடங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள்.

சேருவதற்குப் பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அமேசான் போன்ற அங்காடிகளின் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. பணம் கட்டி உறுப்பினராகி, மேலும் ஆட்களைச் சேர்த்தால் வருமானம் என்பது தரகன்று. அது சங்கிலித் திட்டம். 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் அத்தகையவற்றுக்காகவே இருக்கின்றது.

உங்களுக்குத் தெரிந்த ஒரே துறையைத் தேர்ந்தெடுங்கள். தையல் தெரிந்த சகோதரி தையல் இயந்திரம், கத்தரிக்கோல், நூல் பற்றிப் பேசட்டும். விவசாயம் தெரிந்தவர் மருந்து தெளிப்பான் பற்றிப் பேசட்டும். பயன்படுத்திய பொருளை மட்டும், அதன் குறையோடு சேர்த்து, தமிழில் சொல்லுங்கள். பதிவின் முதல் வரியிலேயே, இதன் வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் வரும் என்று எழுதுங்கள்.

அங்காடியின் விதிகளைப் பொறுமையாகப் படியுங்கள். சுட்டியை எங்கே பகிரலாம், எங்கே பகிரக்கூடாது என்பதற்கு விதி உண்டு. நம் வீட்டுக்கு நாமே வாங்கும் பொருளுக்குப் பொதுவாகக் கமிஷன் கிடையாது. அமேசானில் சுட்டியைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் கூடையில் இடப்படும் பொருளே கணக்கில் வரும். பான் அட்டையும் வங்கிக் கணக்கும் வேண்டும். வரும் பணத்தை வருமானக் கணக்கில் காட்டவும் வேண்டும்.

வருமானத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பாருங்கள். 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 50 ரூபாய் கிடைக்கும். மாதம் 5,000 ரூபாய் ஈட்ட நூறு பேர் வாங்க வேண்டும். சுட்டியைத் தொடும் நூறு பேரில் இருவர் வாங்குவதாகக் கொண்டால், 5,000 பேர் தொட வேண்டும். எனவே முதல் ஆண்டில் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். நூறு பேர் நம்பி வாங்குவதற்கு, அதற்கு முன் வாங்கியவர்கள் ஏமாறாமல் இருந்திருக்க வேண்டும். ஹலாலான முறையில் தொடங்குவதும் நிலைக்கும்படி தொடங்குவதும் ஒன்றே என்று நாம் சொல்வது இதனால்தான்.

நம் பிள்ளை என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். வேலை செய்து சேர்த்த பணத்திலிருந்து மோட்டார் மாற்றும் செலவில் பாதியை மாமியிடம் கொடுத்தார். மீதியை நாம் ஏற்றுக்கொண்டோம். உறவினர் குழுவில், அதுவரை தாம் போட்ட சுட்டிகள் அனைத்துக்கும் கமிஷன் உண்டு என்பதை எழுதி மன்னிப்புக் கேட்டார். இருவர் குழுவிலேயே கடிந்துகொண்டனர். சென்ற மாதம் மாமி, மாவு அளக்கத் தராசு ஒன்று வேண்டும் என்று அவரிடமே கேட்டார். அவர் உத்திரமேரூர்க் கடைவீதிக்குச் சென்று பார்த்துவிட்டு, இங்கேயே விலை குறைவு, இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.