வீங்கிய கண்ணுக்குப் பின்னால்

கண் சிவந்து வீங்கினால் 'மெட்ராஸ் ஐ' என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் வலியுடன் கண் முன்தள்ளி, இமை கனத்து, பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

கண்குழியிலிருந்து இரத்தத்தை வெளிக்கொண்டு செல்லும் சிரையில் இரத்தம் உறைவது அரிய நோய். மூக்கருகே உள்ள சைனஸ் அறைகளிலிருந்து பரவும் கிருமித்தொற்று இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. தொற்று இல்லையெனில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்களையும் தேடவேண்டும். லூபஸ் அவற்றுள் ஒன்று. 1983இல் இலண்டனில் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் மற்றொன்று. இந்நோயில் கால், நுரையீரல், மூளை என எங்கும் இரத்தம் உறையலாம், கருச்சிதைவும் நேரலாம்.

ஆதலால், கண் மருத்துவரிடம் கண்ணைப் பற்றி மட்டும் கூறினால் போதாது என்பது என் கருத்து. மூட்டுவலி, வெயில் பட்டால் முகத்தில் தோன்றும் தடிப்பு, முன்பு வந்த கால் வீக்கம், கருச்சிதைவு ஆகிய அனைத்தையும் கூறவேண்டும். குடும்பத்தார் முன்னிலையில் கருச்சிதைவைப் பற்றிப் பேசப் பெண்கள் தயங்குவதுண்டு. அவ்வேளையில் உடன் வந்தோர் சற்று வெளியே அமர்வதும் ஒரு பணிவிடையே.

நம் புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனை தெற்கே தவளக்குப்பத்திலும், ஜிப்மர் வடமேற்கே கோரிமேட்டிலும் உள்ளன. ஓரிடத்தில் கண்ணையும் மற்றோரிடத்தில் இரத்தத்தையும் காட்ட நேர்ந்தால், இரு மருத்துவர்க்கும் இடையே செய்தி கொண்டு செல்வது நோயாளியின் கையிலுள்ள கோப்புதான். ஸ்கேன் படம், இரத்தச் சோதனை முடிவு, மருந்துச் சீட்டு ஆகிய மூன்றையும் தேதி வரிசையில் வைத்திருங்கள்.

வீக்கம் வடிந்ததும் நோய் தீர்ந்ததென்று நினைப்பது இயல்பு. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயை உறுதிசெய்ய, முதற்சோதனைக்குக் குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். உறுதியானால் இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தை நெடுநாள், சிலர் வாழ்நாள் முழுவதும், உட்கொள்ள நேரும். அதன் அளவு ஐ.என்.ஆர். சோதனையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. அளவு குறைந்தால் மீண்டும் உறைவு, மிகுந்தால் இரத்தக்கசிவு. மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும், வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்ப்பதும் ஆபத்து.

அடுத்த சோதனை நாளை வீட்டு நாட்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள். அந்நாளில் நோயாளியை அழைத்துவரும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்.