'வேர்வையோட தண்ணி குடிக்காத!' - டெல்டா வீடுகளின் பழைய சட்டம் எவ்வளவு சரி, எங்கே ஆபத்து?

'வேர்த்து விறுவிறுக்க வந்திருக்க, உடனே தண்ணி குடிக்காத. கொஞ்ச நேரம் உக்காரு, வேர்வை அடங்கட்டும்.'

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வளர்ந்த யாருக்கும் இது புதுசு இல்லை. கிரிக்கெட் ஆடிவிட்டு ஓடிவந்து ஃப்ரிட்ஜைத் திறக்கும் பையனுக்கும், நடவு முடிந்து கரையேறும் அம்மாவுக்கும் ஒரே சட்டம்தான். மீறினால் சளி பிடிக்கும், தலையில் நீர் கோத்துக்கும், ஜன்னியே வந்துடும் என்பார்கள்.

இப்போது இந்தப் பயத்துக்கு வாட்ஸ்அப்பும் துணைக்கு வந்தாச்சு. 'வெயில் 40 டிகிரியைத் தொட்டால் ஐஸ் வாட்டர் குடிக்காதீர்கள், சிறு ரத்தக்குழாய்கள் வெடித்துவிடும்' என்ற ஃபார்வர்டு கோடைதோறும் குடும்பக் குழுக்களில் தலைகாட்டுகிறது. வெயிலில் வந்த ஒருவர் குளிர்ந்த நீரில் காலைக் கழுவியதும் மயங்கி விழுந்தார் என்ற கதையும் அதில் ஒட்டிக்கொண்டே வரும். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் என்று ஊர்ப்பெயர்களோடு சுற்றிய அதே செய்திதான் இது.

மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம்தான். ஆனால், இந்தச் சட்டத்தில் பாதி நல்ல பழக்கம். மீதிப் பாதி ஆளையே சாய்த்துவிடும். எது எது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

இது நம்ம ஊர்ப் பயம் மட்டுமா?

இல்லை. பிலிப்பைன்ஸில் இதற்கு 'பாஸ்மா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உழைத்துச் சூடேறிய உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் கை நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும், நரம்பு தளரும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. துணி இஸ்திரி போட்ட கையைக்கூட உடனே கழுவ மாட்டார்கள். 'பாஸ்மோ' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. லத்தீன் அமெரிக்காவிலும் இதே சாயலில் ஒரு பயம் உண்டு.

உடம்பில் சூடு, குளிர்ச்சி என்று இரண்டு இருக்கின்றன, இரண்டும் திடீரென மோதினால் நோய் வரும் என்ற கணக்கு உலகில் பல இடங்களில் இருக்கிறது. நாம் மாம்பழத்தைச் சூடு என்றும் மோரைக் குளிர்ச்சி என்றும் பிரிப்பதும் அந்தக் கணக்கில்தான்.

குளிர்ந்த நீர் உள்ளே போனால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. 5 டிகிரி குளிர்ச்சியில் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால், அதை உடல் வெப்பமான 37 டிகிரிக்குக் கொண்டுவர உடம்பு சுமார் 16 கிலோ கலோரி வெப்பம் செலவழிக்கும். 60 கிலோ எடையுள்ளவரின் மொத்த உடல் வெப்பநிலை இதனால் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு டிகிரி குறையலாம். அவ்வளவுதான். குளிர்ச்சி பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும். வெடிக்காது.

விளையாட்டு மருத்துவம் இன்னும் ஒரு படி மேலே போய், சற்றுக் குளிர்ந்த நீரையே சிபாரிசு செய்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1996-ல் சொன்ன அளவு 15 முதல் 22 டிகிரி. காரணம் எளிது. கொதிக்கும் வெயிலில் வெதுவெதுப்பான தண்ணீரை யாரும் போதுமான அளவு குடிப்பதில்லை. ஜில்லென்று இருந்தால் இன்னும் ரெண்டு மடக்கு சேர்த்து உள்ளே போகும்.

அப்படியானால் மயங்கி விழுந்தவர்கள்? பெரும்பாலும் அவர்களைச் சாய்ப்பது வெயில்தான். உழைப்பைச் சட்டென்று நிறுத்தும்போது ரத்தம் கால் பக்கம் தேங்கும். ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பில் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நேரத்தில் கையில் இருந்தது தண்ணீர்ச் சொம்பு என்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

பாட்டி சொன்னதில் எது சரி?

'கொஞ்ச நேரம் உக்காரு' என்பது நூற்றுக்கு நூறு சரி. நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வது வெயிலுக்கான முதல் மருந்து. ஆனால், தண்ணீரை நிறுத்திவைத்துவிட்டு உட்காரத் தேவையில்லை. உட்கார்ந்துகொண்டே குடிக்கலாம்.

'மடக்கு மடக்குனு குடிக்காத' என்பதும் சரிதான். மணிக்கணக்கில் வேர்த்தபின் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக இறக்கினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தி, குழப்பம் வரலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஐஸ் தண்ணீர் வலியைத் தூண்டிவிடலாம். இதய நோய் உள்ளவர்கள் திடீரென ஐஸ் குளிர்ச்சியான நீரில் முங்கினால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். அவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை நியாயமானது.

தெருவோர ஜூஸில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைக் குடித்து மறுநாள் தொண்டை கட்டினாலோ வயிறு கெட்டாலோ காரணம் கிருமி, குளிர்ச்சி அல்ல.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வெப்பத் தாக்கு என்றால் உடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஆள் உளறுவார், தடுமாறுவார், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். இந்த உளறலையும் வலிப்பையும் பார்த்துத்தான் நம் ஊரில் 'ஜன்னி கண்டுடுச்சு' என்கிறார்கள். ஜன்னி என்று முடிவு கட்டிவிட்டால் அடுத்த வேலை, போர்வையைப் போர்த்துவது. பச்சைத் தண்ணி பக்கத்திலேயே வரக் கூடாது.

வைத்தியம் இதற்கு நேர் எதிர். முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர வைத்தாக வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத் தாக்கு ஏற்பட்டது. வியர்வையும் சூடுமாக இருந்தவர்களை அப்படியே தூக்கி ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். 274 பேரும் பிழைத்தார்கள்.

டெல்டாவில் ஐஸ் தொட்டிக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். வயல் பக்கத்திலேயே பம்புசெட் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் போகிறது. கணுக்கால் தண்ணீரில் நின்று வேலை பார்க்கும் ஒருவர், மேலே தண்ணீர் ஊற்ற ஆள் தயங்கியதால் வெப்பத்தில் சாகக் கூடாது. வீட்டுப் பெரியவர்களோடு இந்த நம்பிக்கையைப் பற்றி ஒரே ஒரு இடத்தில் சண்டை போடலாம் என்றால், அது இந்த இடம்தான்.

வயலில் தண்ணி குடிக்காததற்கு ஜன்னி பயம் மட்டுமா காரணம்?

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். ஜூன், ஜூலையில் குறுவை நடவு. அதற்கு முன்னால் கோடையில் உளுந்து, பருத்தி எடுப்பு. எல்லாமே வெயில் நேரத்து வேலை. நீர் நிற்கும் வயலில் காற்றும் ஈரமாக இருக்கும். வேர்வை காயாது, உடம்பு ஆறாது. வெப்பமானி 37, 38 காட்டும்போதே உடம்புக்கு அது அதிகமாகப்படும்.

அப்படியும் நடவுப் பெண்கள் பலர் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். முக்கியக் காரணம், ஒதுங்க இடமில்லை. வரப்பில் கழிப்பறை கிடையாது, நாலாபுறமும் வெட்டவெளி. குடித்தால் போகணும், போக இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசி நடும்போது, கரையேறும் ஒவ்வொரு பத்து நிமிஷமும் கூலியில் இடிக்கும். நீர்க்கடுப்பை 'சூடு' என்று சொல்லிக்கொண்டே நாளை ஓட்டுகிறார்கள்.

இதன் விலை சின்னதில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழு, 2017-ல் தொடங்கி தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்காக இருந்தது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். நிகரகுவாவின் ஓர் ஆலையில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் வேலையின் ஒரு பகுதியாக ஆக்கியபிறகு பாதிப்பு குறைந்தது.

என்ன செய்யலாம்?

* வெயிலில் உழைக்கும்போது 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம்.
* ஐஸ் தண்ணீருக்குப் பயப்படுகிற வீட்டில் மண்பானைத் தண்ணீர் வையுங்கள். அதற்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள், உடம்புக்கும் போதுமான குளிர்ச்சி.
* உப்பு போட்ட நீராகாரம், மோர் இரண்டும் நீரையும் உப்பையும் சேர்த்தே தருகின்றன. தூக்குவாளியில் பழைய சோறு கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.
* ஜிம், டர்ஃப், பாட்மின்டன் முடித்து வருபவர்களுக்கும் இதேதான். தண்ணீரைத் தள்ளிப்போடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.
* ஒருவர் வெயிலில் உளறினால், விழுந்தால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. ஆனால், அது இறந்தபிறகு வரும் பணம். உயிரோடு இருக்கும்போது தேவைப்படுவது வரப்போரம் ஒரு நிழல், ஒரு பானைத் தண்ணீர், மறைவாக ஓர் ஒதுங்கிடம், கூலியில் கை வைக்காத பத்து நிமிட ஓய்வு.

கோடை வந்தால் பஸ் ஸ்டாண்டிலும் கடைத்தெருவிலும் கட்சிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் முளைக்கிறது. திறப்பு விழா, போட்டோ எல்லாம் உண்டு. ஊராட்சியும் நிலக்காரர்களும் விவசாயச் சங்கங்களும் சேர்ந்தால் நடவு நடக்கும் இடத்துக்கே அந்தப் பந்தலை நகர்த்திவிட முடியும். 'வேர்வையோட தண்ணி குடிக்காத' என்று சொல்பவரிடம் அறிவியல் பேசுவது நல்லதுதான். அவர் வேலை பார்க்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று அதற்கு முன்பே கேட்டுவிடணும்.